கதைக்கு ஒரு கை ஏலக்காய்

ஏலக்காய் பொறுக்குகிற வேலைக்குக் கண்ணும் கையும் போதும். காது நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். எழுபதுகளில் போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை பார்த்தபோது, அப்படிச் சும்மா கிடந்த காதுகளை நம்பித்தான் நான் என் புத்தகப் பைத்தியத்தை வளர்த்தேன். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் காயைத் தரையில் கொட்டிக்கொண்டு பெண்கள் சுற்றி உட்காருவோம். கொழுத்த பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்ததும் சுருங்கியதும் ஒரு பக்கம் என்று முறத்தில் பிரிக்க வேண்டும். பொறுக்கிய எடைக்குத்தான் கூலி.

நான் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். பள்ளிக்கூடம்தான் நின்றதே தவிர, படிக்கிற ஆசை நிற்கவில்லை. வீட்டில் புத்தகத்தைக் கையில் எடுத்தால், சரியாக அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரருக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மாமியாருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். உங்களில் எத்தனை பேர் அடுப்படியில் நின்றுகொண்டே கதை படித்துக் குழம்பைத் தீய விட்டவர்கள் என்று எனக்குத் தெரியாதா? நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

ஆகவே கிட்டங்கியில் ஒரு ஏற்பாடு. நான் வாரப் பத்திரிகையின் தொடர்கதையைச் சத்தமாக வாசிப்பேன். வாசிக்கிற நேரத்துக்கு ஈடாக ஆளுக்கு ஒரு கை, பொறுக்கிய காயை என் முறத்தில் போடுவார்கள். முதலாளி ராவுத்தர் இதற்குச் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "தரம் பிசகி ஒரு மூட்டை திரும்பி வந்துச்சுன்னா, அன்னியோட கதைக்கு முழுக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஒரு கண் பத்திரிகையில், ஒரு கண் ஊரார் முறத்தில். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும், இந்தக் கதை நேரம் போனால் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

மலை வர்ணனை

தனியாகப் படிக்கும்போது பிடிக்காத பக்கத்தைத் தாண்டிப் போகலாம். கூட்டத்துக்கு வாசிக்கும்போது எதைத் தாண்டுவது என்று கூட்டம்தான் முடிவு செய்யும். ஒரு தொடர்கதை எழுத்தாளருக்கு மலை என்றால் உயிர். கதாநாயகன் மலையடிவாரத்தில் பஸ்சை விட்டு இறங்கினால் போதும், மேகம் தவழ்வதும் சூரியன் எட்டிப் பார்ப்பதும் ஒரு முழுப் பக்கத்துக்கு ஓடும். எனக்கு அதெல்லாம் பிடிக்கும். அனுபவித்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டிருந்தேன்.

எங்களில் மூத்தவர் ஒச்சம்மாக்கா. வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அடியே ராசம்மா, மலைதான் சன்னல் வழியாத் தெரியுதே, அத எதுக்கு மெனக்கெட்டு வாசிக்கிற? எறங்குன பய எங்க போனான்னு சொல்லு."

வசந்தியின் நெஞ்சுவலி

எந்தக் கதைக்குக் கை எப்படி ஓடும் என்பது எனக்கு அத்துப்படி. சிரிப்புக் கதை என்றால் கை பறக்கும். மாமியார் கொடுமைக் கதை என்றால் கோபத்தில் இன்னும் வேகமாக ஓடும், ஆனால் காய் நசுங்கும். அழுகைக் கதை வந்தால்தான் ஆபத்து. கண்ணில் நீர் முட்டினால் பச்சை எது, வெளுத்தது எது என்று யாருக்குத் தெரியும்?

அந்த வருஷம் ஓடிய தொடரில் வசந்தி என்று ஒரு பெண். நல்லவள், அதனாலேயே நெஞ்சுவலிக்காரி. அந்த வார இதழை நான் முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மூச்சுத் திணறுகிறாள். மறுநாள் லோடு ஏற வேண்டிய காய் குவிந்து கிடக்கிறது. இதை எப்படி இப்போது வாசிப்பது? தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் குவியலைப் பார்த்தார்கள். ஒச்சம்மாக்கா தீர்ப்புச் சொன்னார்: "அவ உசுரு போறதா இருந்தா லோடு ஏறுன பெறகு போகட்டும். அதுவரைக்கும் அந்தச் சிரிப்புத் துணுக்கெல்லாம் வாசி."

ஜீப்பில் போன சேதி

வசந்தி ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தச் சமயத்தில்தான், எங்களோடு பொறுக்கிக்கொண்டிருந்த சரசு காய் எடுக்கிற வேலைக்காகப் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பத்திரிகை கிடையாது. பாவம், அரைக் கதையோடு போனவள். அரைக் கதையோடு இருப்பது என்ன வேதனை என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவரிடம், "வசந்தி எப்படி இருக்கான்னு ராசம்மாக்காகிட்டக் கேட்டுட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டிருந்தாள். அந்த வாரம் வசந்தி கண் விழித்துவிட்டாள். நானும் சந்தோஷமாக, "பொழச்சுக்கிட்டா, கண்ணு முழிச்சுட்டான்னு சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினேன்.

டிரைவர் நல்ல மனிதர், சேதியை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளாமல் ஜீப்பில் இருந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். வளைவுக்கு வளைவு வசந்தியைப் பற்றித்தான் பேச்சு. கல்யாணமானவளா, எத்தனை பிள்ளைகள், தேனி ஆஸ்பத்திரியா மதுரை ஆஸ்பத்திரியா என்று ஆளாளுக்குக் கேட்க, அவரும் தெரிந்த மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். தேவாரம் ஊர்க்கார அம்மாள் ஒருவர், முகம் தெரியாத அந்தப் பெண் முழுசாகக் குணமாக வேண்டும் என்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். எஸ்டேட்டில் இறங்கியதும் சரசு ஓடிவந்து விஷயத்தைச் சொல்ல, ஜீப்பே சிரித்திருக்கிறது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாராம்: "கதைப் பொண்ணுன்னா என்னப்பா, நெஞ்சுவலின்னாங்க, நேந்துட்டேன். இனி அவ பாடு, மாரியாத்தா பாடு."

பொட்டணத்தில் பாதி

மழைக்காலத்தில் சில வாரம் பத்திரிகை வந்து சேராது. அப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். பஞ்சாங்கம், மருந்துப் பாட்டில் மேல் ஒட்டிய தாள், சுவர் விளம்பரம் எதையும் விட்டதில்லை. ஒருநாள் கடலை மடித்து வந்த தாளில் ஒரு கதை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த கணக்குப்பிள்ளை "ஐயோ!" என்று அலறினார் என்பதோடு தாள் கிழிந்திருந்தது. கிணற்றில் என்ன கிடந்தது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மறுபடியும் கடைக்குப் போய், கடலை வேண்டும், ஆனால் அந்தப் பழைய புத்தகத்தின் அடுத்த தாளில்தான் மடித்துத் தர வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தா, எல்லாரும் கடலையில சொத்தை இருக்கான்னு பாப்பாக. நீ ஒருத்திதான் பொட்டணத்துல பக்க நம்பர் பாக்குற."

பாயச வாசனை

நூலகத்திலிருந்தும் புத்தகம் எடுப்பேன். ஏலக்காய்த் தூசி எங்கள் புடவையில், தலைமுடியில், சோற்றுத் தூக்கில் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். புத்தகத்தை மட்டும் விடுமா? நான் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை நூலகர் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அபராதம் போடப்போகிறார் என்று எனக்கு வேர்த்துவிட்டது. "பயப்படாதம்மா, நீ படிச்ச புத்தகத்த அடுத்து எடுத்துட்டுப் போன வாத்தியார், வீட்டுல பாயசம் வைக்கச் சொல்லிக் கேட்டு அவுக சம்சாரத்தோட சண்டையாம்" என்றார்.

கதை நின்ற வாரம்

நான் பயந்தது ஒருநாள் நடந்தே விட்டது. அழுகைக் கதையைத்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன், மர்மக் கதை அதைவிட மோசம் என்று தெரியாமல் போயிற்று. கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற வாரம். கை ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கண்ணெல்லாம் என் வாயில். வெளியூர் வியாபாரி வாங்கிப் போன மூட்டை நாலு நாளில் திரும்பி வந்துவிட்டது. பச்சைக்காயோடு அங்கங்கே வெடித்த காயும் கிடந்தது. ராவுத்தர் சத்தம் போடவில்லை. என் மடியிலிருந்த பத்திரிகையை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். "சொன்னது சொன்னதுதான் தாயி" என்றார். கூலியைப் பிடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரம் முழுக்கக் கிட்டங்கியில் பேச்சு மூச்சு இல்லை. ஒச்சம்மாக்காகூட வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் பொறுக்கினார்கள். எனக்கு அதுவும் கவலை. இப்படி அமைதியாக வேலை நடந்து, மூட்டையும் சுத்தமாக இருந்துவிட்டால், கெடுத்தது கதைதான் என்று ஆகிவிடுமே! ஆனாலும் தப்புப் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு காயையும் இரண்டு முறை பார்த்துத்தான் போட்டேன்.

வாரக் கடைசியில் லோடு ஏற்றுவதற்கு முன் ராவுத்தர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். பச்சை, வெளுத்தது, வெடித்தது, சுருங்கியது எல்லாம் அதில் இருந்தது. அடுத்த மூட்டையைப் பிரித்தார், அதுவும் அப்படியே. ஒச்சம்மாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கதையில்லாமத் தூக்கம் தூக்கமா வருது மொதலாளி. கை போற எடம் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார். மற்றவர்கள் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்கள். ராவுத்தர் கையிலிருந்த காயை மேசையில் பரப்பி ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியாமக் கலந்தா அங்கொண்ணு இங்கொண்ணு தட்டுப்படும்" என்றார் மெதுவாக. "இது நெய்ச்சோத்துல உப்புப் போட்ட மாதிரி மூட்டை பூரா ஒரே சீராக் கலந்திருக்கு. இம்புட்டுக் கவனமாத் தப்புப் பண்ணத் தெரிஞ்சவுக, கதையக் கேட்டுக்கிட்டே சரியாவும் பொறுக்கலாம்." டிராயரைத் திறந்து பத்திரிகையை என்னிடம் நீட்டினார். "எல்லாத்தையும் கொட்டி மறுபடி பொறுக்குங்க. கொலை கிலையெல்லாம் வேணாம், கல்யாணக் கதையா வாசி."

மூட்டைகளைக் கொட்டும்போது ஒச்சம்மாக்காவின் கையைப் பிடித்துக் கிள்ளினேன். வாரம் முழுக்க நான் தூங்காமல் கிடந்தது எனக்குத்தானே தெரியும். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன். அவர் கையை உதறிக்கொண்டு சொன்னார்: "ஒங்கிட்டச் சொல்லியிருந்தா, மறு நிமிசமே ஒம் மொகம் அவருக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டியிருக்கும். நீ கதைய மட்டும் வாசி."

கதைப் பைத்தியம் பிடித்த பெண்களுக்கு விவரம் பத்தாது என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசிவிடாதீர்கள். அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் நம்மை நிம்மதியாகப் படிக்க விடுவார்கள்.