மோசஸ் சாத்திய கேட்

என் வீட்டுக்காரர் மோசஸ் வம்பு தும்புக்குப் போகாத மனுஷன். மறைமலைநகர் கம்பெனியில் வேலை பார்த்த காலம் முழுக்க யாரிடமும் ஒரு சொல் வாங்கியதில்லை. அப்படிப்பட்டவர் போன ஆடிக் கிருத்திகையன்று திருடன் மாதிரி வீட்டுக்குள் ஒளிந்துகொண்டார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

திருப்போரூர் முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் நடப்பார்கள். ஒருமுறை, இவரோடு கம்பெனி பஸ்ஸில் போய்வந்த அருணகிரி வெயில் தாங்காமல் எங்கள் கேட் முன்னால் மயங்கி விழுந்தான். இவர் தூக்கி உட்காரவைத்து மோர் கொடுத்தார். மறுவருஷத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் மோர். "சர்ச்சுக்குப் போறவனுக்கும் காவடிக்கும் இன்னா சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால், "தாகத்துக்குக் கூடவா மதம் பாக்குறது, போய்யா" என்பார். எங்கள் போதகர்கூட வந்து ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் போவார்.

அப்புறம் ரோடு அகலமானது. வயலெல்லாம் பிளாட் ஆனது. எங்கள் மகன் ஜான்சன், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு மண்டபத்து மாடியில் நடக்கும் புதுச் சபைக்கு மாறினான்.

"காவடிக்கு மோர் ஊத்துனா நீயும் அந்தப் பூசையில சேந்த மாதிரிதான்ப்பா. இனிமே ஊத்துனா நான் புள்ளைங்கள இட்டுகினு வரமாட்டேன்" என்றான்.

பேரப்பிள்ளைகள் என்றால் இவருக்கு உயிர். அங்கேதான் மனுஷன் சரிந்துவிட்டார்.

ஆடிக் கிருத்திகை அன்றைக்குக் கேட்டைப் பூட்டி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாத்த! மோசஸ் அண்ணாத்த!"

அருணகிரியின் குரல். நான் எழுந்தேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"அண்ணாத்த வூட்ல இருந்தா தொறக்காம இருக்காதே. உடம்புக்கு முடியாம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்பா. முருகா, நீதான் பாத்துக்கணும்" என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்தான். அடப்பாவி, எழுந்து போய்த் திறய்யா என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. இவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அருணகிரி மறுபடி வந்தான். தலை மொட்டை, அதில் சந்தனம்.

"உடம்பு எப்படி கீது அண்ணாத்த? உனக்குன்னு வேண்டிகினு மொட்ட போட்டேன்."

இவர் அந்த மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான் வூட்லதான் இருந்தேன்டா. புள்ளைக்குப் பயந்துகினு உள்ள ஒக்காந்திருந்தேன்."

அருணகிரி தன் தலையைத் தடவிக்கொண்டு, "முடிதானே அண்ணாத்த, வளந்துடும்" என்றான். நான் காபி போட்டு எடுத்துவருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இந்த ஆடிக்கு ஜான்சனோடு சண்டை போட்டுக்கொண்டு இவர் மோர் கலக்கிவைத்தார். பேரப்பிள்ளைகள் வரவில்லை. காவடிக் கூட்டம் நின்று குடித்தது. அருணகிரி மட்டும் ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடந்தான். எப்போதும் இவர் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுகிறவன், அங்கிருந்தே, முன்பின் தெரியாதவரைக் கும்பிடுவதுபோல இரண்டு கையையும் கூப்பிவிட்டு நிற்காமல் போனான்.

"ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போயிருக்கலாம் சாரா" என்றார் இவர் என்னிடம்.