ஒரு கைப்பிடி நித்யகல்யாணி

என் கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் இன்ச் டேப். செஞ்சி கடைத்தெருவில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் டேப்பைக் கழுத்தில் போட்டால், கடை சாத்தும்போதுதான் கழற்றுவேன். ஒருநாள் அது இடப்பக்கம் எதிலோ தடுக்கிற மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை போல ஒன்று, வலியே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. தீபாவளித் துணி குவிந்து கிடந்த நேரம். மூன்று வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்காக என்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, நெறிக்கட்டில் வருகிற கேன்சர் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு தடவை. நடுவில் விடாமல் முடித்தால் குணமாக நல்ல வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டரம்மா. நான் அழவில்லை. ஆறு என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முகூர்த்தத்துக்கு முன்னால் ஆறு ஜாக்கெட் வேண்டும் என்றால் முடித்துக் கொடுக்கிறவள்தானே, இதையும் முடித்துவிடுவது என்று கிளம்பினேன்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அதனால் தளவானூரிலிருந்து அவருடைய அக்கா, என் பெரிய நாத்தனார், ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். எங்கள் இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஏழாம் பொருத்தம். நான் வைக்கிற குழம்பில் புளி அதிகம் என்பார். அவர் பேச்சில்தான் அதிகம் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இரண்டாம் தடவை மருந்து ஏற்றும்போது, நர்ஸ் பெண் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டி, "இது எதுலேர்ந்து எடுக்கறாங்கன்னு தெரியுமாக்கா? நித்யகல்யாணிச் செடி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்று பேர். கோட்டைக்குப் போகிற ரோட்டோரம், சுடுகாட்டு வேலியோரம் எல்லாம் கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்கும். எந்த இடத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேனோ, அங்கே முளைக்கிற செடி எனக்காக நரம்பில் இறங்குகிறது என்றதும் ஒரு தெம்பு வந்தது. வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் பெருமையாகச் சொன்னேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் காப்பி டம்ளரில் பச்சையாக ஏதோ ஆவி பறந்தது.

"இன்னா அண்ணி இது?"

"நீ சொன்ன செடிதான். ஒரு கைப்பிடி புடுங்கியாந்து கொதிக்க வெச்சேன். அவங்க பாட்டில்ல குடுக்கறாங்க, நான் டம்ளர்ல குடுக்கறேன். மூலிகை தானே, ஒண்ணியும் பண்ணாது. குடிச்சிடு."

எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். இரண்டு பக்கமும் நின்று அடித்தால் வியாதி சீக்கிரம் ஓடிவிடும் என்று நினைத்தேன். நாக்கு மரத்துப்போகிற கசப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டு நாள் குடித்தேன்.

மூன்றாம் தடவை போனபோது ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. இந்த வாரம் மருந்து ஏத்த முடியாது."

விடாமல் முடித்தால்தான் என்று சொன்னவரே இன்றைக்கு முடியாது என்கிறார்.

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் நாத்தனார் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா கத்தவில்லை. "கஷாயத்தால குறைஞ்சுதா, நான் குடுத்த மருந்தாலயான்னு இப்ப எனக்கே தெரியல. அதுதான் ஆபத்து. நாங்க செடியிலேர்ந்து ஒரு பொருளை மட்டும் பிரிச்சு, உங்க உயரம், எடை பார்த்து, அளந்து குடுக்கறோம். இலையில இன்னும் என்னென்னவோ இருக்கு. ஒரு கைப்பிடியில எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்ப்பார்கள், எடை மேடையில் ஏற்றுவார்கள். நான் என்ன வளர்கிற பிள்ளையா என்று எரிச்சல் வரும். எனக்கு அளவு எடுத்திருக்கிறார்கள், அதுகூடப் புரியவில்லை. என் கடையில் ஒருத்தி வெறும் துணியை நீட்டி, குத்துமதிப்பாகத் தைத்துக் கொடு என்றால் விரட்டியே விடுவேன். அளவு ஜாக்கெட் இல்லாமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். துணிக்குக் காட்டிய மரியாதையை என் உடம்புக்கு நான் காட்டவில்லை.

பஸ் திண்டிவனம் தாண்டியதும் நாத்தனார் என் பக்கம் திரும்பினார். அப்புறம் மெதுவாக, "நான் உன்ன கொல்லப் பாத்துட்டேனாடி?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவ்வளவு கோபம். ஆனால் அவர் என் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க குடுத்தீங்க, குடிச்சது நான் தானே. வுடுங்க அண்ணி. இனிமே டாக்டரக் கேக்காம தண்ணி தவிர ஒண்ணும் உள்ள போவாது. ஆறையும் முடிக்கறோம்."

பத்து நாள் கழித்து அணுக்கள் ஏறின, மூன்றாவது மருந்தும் ஏறியது. அதற்குப் பிறகு என் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பொடியும் உள்ளே வரமுடியவில்லை. பார்க்க வருகிறவர்கள் முள்சீத்தா இலை, வேர்ச் சூரணம், வாட்ஸ்அப்பில் வந்த உருண்டை என்று எதையாவது நீட்டுவார்கள். நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இது யாருக்கு அளவு எடுத்து செஞ்சது?" என்பார். வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். இருந்தும் ஒன்றையும் தூக்கிப் போடமாட்டார். அத்தனையையும் மஞ்சள் பையில் கட்டிப் பாண்டிச்சேரிக்குத் தூக்கிவந்து டாக்டரம்மா மேஜையில் கொட்டுவார். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, குமட்டலுக்குக் கொஞ்சம் இஞ்சித் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார். நாத்தனார் என் டேப்பை எடுத்து இஞ்சியை அளந்தார். "ஒரு இன்ச்சுக்கு மேல கெடையாது. கெஞ்சாத."

நாலாவது முடிந்தபோது விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசி குத்தி ரத்தம் வந்தது, எனக்குத் தெரியவே இல்லை. அது அந்த நித்யகல்யாணி மருந்தின் வேலை என்றார் டாக்டரம்மா. லூசான ஜாக்கெட்டைப் பிடித்துத் தைப்பதுபோல, ஏற்றுகிற மருந்துகளில் அந்த ஒன்றின் அளவை மட்டும் கொஞ்சம் பிடித்துக் குறைத்தார். அன்றைக்குத்தான் அழுதேன். தையல்காரிக்கு விரல் போனால் என்ன மிச்சம்? இருந்தாலும் ஐந்தாவதுக்கும் போனேன், ஆறாவதுக்கும் போனேன். நாத்தனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, வந்த வரைக்கும் தைத்தேன்.

கடைசி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. சோதனைக்கு மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்றார்கள். மறுநாளே கடையைத் திறந்து டேப்பைக் கழுத்தில் போட்டேன். எங்கேயும் தடுக்கவில்லை.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பத் தயாரானார். "எனக்கு ஒண்ணு தெச்சுக் குடுடி, போட்டுக்கினு போவறேன்" என்று தன் பழைய ஜாக்கெட்டை அளவுக்கு நீட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று டேப்பையும் ஒருமுறை சுற்றினேன். அந்த ஜாக்கெட்டைவிட மார்பில் மூன்று இன்ச் குறைந்தது. என் மரத்த விரல்தான் ஏமாற்றுகிறது என்று மறுபடி சுற்றினேன். அதே மூன்று இன்ச். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இளைத்தேன் என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, ரெண்டு வாட்டி அளக்கற?"

"பழைய அளவு ஆவாது அண்ணி" என்று சொல்லிவிட்டு, புது அளவைத் துணியில் குறித்தேன்.