ஏழையின் திருப்திக்குப் பதினைந்து மார்க்

ஆங்கில இலக்கிய அரியருக்கு டியூஷன் எடுப்பவன் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும்: செத்துப்போன கவிஞர், உயிரோடு இருக்கும் மாணவர். கவிஞரால் ஒரு தொந்தரவும் இல்லை. நீங்களும் அரியர் வைத்தவர் என்றால் இதைப் படிக்கும்போது பழைய ஹால் டிக்கெட் ஞாபகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்தவன்தான்.

ஞாயிறு காலை விழுப்புரம், மதியம் திண்டிவனம். வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. படிப்பவர்கள் என் மாணவர்கள். பழைய ஆங்கிலச் செய்யுளும் உரைநடையும்தான் அவர்களைக் கவிழ்க்கும் பேப்பர். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பொறுமை, பக்தி, பணிவு, அன்பு. என்ன கேள்வி வந்தாலும் இந்த நாலையும் பாயிண்ட்டாக எழுதுங்கள், பாஸ் என்பேன். பதினெட்டு வருடமாக என் வாக்கு பொய்த்ததில்லை.

சாகும்போது திருந்தியவன்

வாழ்நாளெல்லாம் திருடியவன் மரணப் படுக்கையில் அழுகிறான். தேவதூதர்கள் வந்து தூக்கிப் போகிறார்கள். இந்தப் பாட்டை நான் உருகி உருகி நடத்தினேன்.

முன் வரிசையில் ஏட்டு முருகவேல். ஓய்வு பெறுவதற்குள் பட்டம் வாங்குவேன் என்று மகளிடம் சபதம் போட்டவர். ஒரு சொட்டுக்கூட உருகாமல் சொன்னார்: “எல்லாக் கேஸும் இப்பிடித்தான் சார். மாட்டினப்புறம்தான் கடவுள் ஞாபகமே வரும்.”

குடிசையில் ஆனந்தம்

ஸ்டெல்லாவுக்கு அந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பத்து வருடமாக ஆயா. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, கால் கழுவிவிடுவது. ஜூனுக்குள் பட்டம் வந்தால் ஒன்றாம் வகுப்புக்கு மிஸ் ஆக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். வராவிட்டால் வேறு ஆள்.

ஏழைக்கு ஆசை இல்லை, அதனால் குடிசையில்தான் ஆனந்தம் என்று ஒரு கவிதை. நடத்தி முடித்ததும் ஸ்டெல்லா எழுந்தார். அப்பா, அம்மா இருவரும் வளவனூர்ப் பக்கம் கரும்பு வெட்டியவர்கள். “இந்தக் கவிஞருக்கு நெலம் இருந்துச்சா சார்?” என்றார். நிறைய இருந்தது என்றேன். “அப்பறம் ஏழைங்க சந்தோஷமாக்கீறாங்கன்னு இவருக்கு எப்பிடித் தெரியும்? வூடு வூடா போய்க் கேட்டுக்கினு வந்தாரா?”

கேட்காத பக்தி

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. கடவுளிடம் எதையும் கேட்காதே, நன்றி மட்டும் சொல் என்கிற கட்டுரை. ஏட்டு நெளிந்தார். பாஸானால் மயிலத்தில் மொட்டை போடுவதாக முருகனிடம் ஏற்கெனவே ஒப்பந்தம் ஆகியிருந்தது. “சும்மா நன்றி சொல்லிட்டு வந்தா, இத்தினி கூட்டத்துல சாமிக்கு நம்ம மூஞ்சி எப்பிடி சார் ஞாபகம் இருக்கும்?”

கை வரவில்லை

குடிசைக் கவிதைதான் பதினைந்து மார்க் கேள்வியாக வந்தது. தேர்வு மையத்து வாசலில் காத்திருந்தேன். ஏட்டு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஸ்டெல்லா கடைசியில் வந்தார். “நாலு பாயிண்ட்டும் எழுதிட்டீங்கல்ல?” என்றேன். இல்லையாம். கவிஞர் சொல்வது தப்பு, ஏழையின் பொறுமை வேறு வழியில்லாத பொறுமை, அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது வசதியானவர்கள்தான் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் நடுத்தெருவிலேயே கத்தினேன். “மிஸ் ஆகணுமா, கவிஞரோட சண்டை போடணுமா?” அவர் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரல் உடையவில்லை. “பத்து வருஷமா பொறுமையாத்தான் சார் கீறேன். அது நல்ல கொணம்னு எழுதக் கை வரல.”

ரிசல்ட்

ரிசல்ட் வரும்வரை எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்று மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. வந்தது: ஏட்டு நாற்பது, எல்லைக்கோட்டில் பாஸ். ஸ்டெல்லா அறுபத்தெட்டு. என் சரித்திரத்தில் அந்தப் பேப்பரில் யாரும் அறுபதைத் தொட்டதில்லை. மறுநாளே மொட்டைத் தலையோடு வந்த ஏட்டு, நான் நீட்டிய கையைக் குலுக்கிவிட்டு ஜல்தியாக விஷயத்துக்கு வந்தார்: “மச்சானுக்கும் இதே பேப்பர்தான் சார். ஒங்க நோட்ஸ் வேணாம், அந்தம்மா நோட்டு இருந்தா குடுங்க.”

ஒன்றாம் வகுப்பு

ஜூனில் அந்தப் பள்ளிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். ஸ்டெல்லா கையில் சாக்பீஸோடு வாசலுக்கு வந்தார். பின்னால் முப்பது பிள்ளைகள் “மிஸ், மிஸ்” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கேட்க வந்தது வாயில் வரவில்லை. முதல் நாள் என்ன பாடம், பொறுமையா, பணிவா என்று கிண்டலாகக் கேட்டு வைத்தேன். “ஏ பி சி டி சார். மொதல்ல படிக்கட்டும், கவிஞரு சொல்றது நெசமா பொய்யான்னு அதுங்களே பாத்துக்கும்.”

இப்போது திண்டிவனத்தில் என் டியூஷன் வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸில், ‘எங்கள் பயிற்சியின் வெற்றி’ என்ற எழுத்துக்கு மேலே, என் பேச்சைக் கேட்காத ஒரே மாணவிதான் சிரித்துக்கொண்டிருக்கிறார்.