மெதுவாக ஓடாத வண்டி

என் மனைவி என் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவான காலம்தான். அதற்குப் பிறகும் அந்த வண்டி எங்கள் வீட்டில் வெகுகாலம் இருந்தது, நன்றாகவும் ஓடியது. அவள்தான் ஏறவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேச வேண்டியவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. இரண்டே அறைகள், அதில் என் அப்பா, அம்மா, தங்கைகள், புதிதாகக் கல்யாணமான நாங்கள். நான் பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் பௌதிகம் நடத்தினேன். அவள் குரோம்பேட்டையில் வேறொரு பள்ளியில் சரித்திர ஆசிரியை. காலையில் எலெக்ட்ரிக் ரயிலில் அவள் பெண்கள் பெட்டிக்கும் நான் பொதுப் பெட்டிக்கும் ஓடுவோம். வீட்டிலும் பேச இடமில்லை, ரயிலிலும் இல்லை. அதனால்தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினேன்.

வாங்கிய முதல் மாதங்களைப் போல ஒரு காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை அவள் என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு காதருகே பேசிக்கொண்டே வருவாள். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் விதம், என் தங்கை இவளுடைய பவுடரைத் திருடிப் பூசிக்கொள்வது எல்லாம் அந்த ஜி.எஸ்.டி. சாலையில்தான் எனக்குத் தெரியவந்தது. சில நாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோவிலில் பாடவேண்டிய பாட்டை முணுமுணுப்பாள். தலைக்கு மேலே பயிற்சி விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். குரோம்பேட்டை நெருங்கும்போது தோல் பதனிடும் நாற்றம் வரும். முந்தானையால் தன் மூக்கை மூடிக்கொண்டு, மிச்சத்தை என் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

"எனக்கு மட்டும் நாறலையே, உங்களுக்கும்தானேங்க" என்பாள்.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. வேகமாகப் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேகத்தைக் குறைத்தால் இருமும், திணறும், அணைந்துவிடும். நிற்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தால் உயிரோடு இருக்கும். ஆனால் நின்ற இடத்திலிருந்து இரண்டு பேரை இழுக்கச் சொன்னால் கிளட்சை விட்ட உடனே செத்துப்போகும். பிறகு கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலிக்கும்.

மெக்கானிக்கிடம் போகவில்லை. பௌதிகம் படித்தவனுக்கு மெக்கானிக் எதற்கு என்ற எண்ணம். மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தேன். பிளக்கைச் சுத்தம் செய்தேன். பிறகு மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி, மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஜெட்டை வாயால் ஊதி, துவாரத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைக் கால் சுற்று இப்படி, கால் சுற்று அப்படித் திருப்பினேன். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கார்புரேட்டரின் இரண்டு நட்டுகளையும் பலம் கொண்டமட்டும் முடுக்கினேன். கோளாறு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடியது.

அவள்தான் ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, என் கால் பக்கத்துல எங்கேயோ உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. மெதுவாப் போறப்ப மட்டும்."

"காத்து."

"நின்னுட்டு இருக்கறப்பவும் வருதே. அப்ப ஏதுங்க காத்து?"

"சரித்திர டீச்சருக்கு வண்டிச் சத்தமெல்லாம் எப்படித் தெரியும்?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுபடி அதைச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பெரிய சங்கடம் ஜி.எஸ்.டி. சாலைக்குப் போகும் வழியில் இருந்த ரயில்வே கேட். கேட் சாத்தியிருந்தால் அவள் இறங்கி, பக்கத்து சின்ன வழியாகத் தண்டவாளத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் நிற்பாள். நான் இந்தப் பக்கம் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே எல்லோருடைய வசவையும் வாங்குவேன். கேட் திறந்ததும் தனியாகக் கிளம்பி, மெதுவாக அவளருகே வருவேன். அவள் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு ஓடி, ஓடுகிற வண்டியில் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுவாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. கேட்காரருக்கு அது தினசரி வேடிக்கை.

"இன்னா சார், அக்காவ ஓட்ற ரயில்ல ஏத்தற மாரி ஏத்தற? நின்னுதான் ஏத்தேன்."

"நின்னா வண்டி நின்னுடும்பா."

"அக்கா, நீ பேசாம ரயில்லயே போ. அது இஸ்டேசன்ல நின்னு ஏத்திகினு போவுது."

அவள் என்னிடம், "ஒருநாளாவது நிறுத்தி ஏத்திக்கங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரிசெய்துவிடுவதாகச் சொல்வேன்.

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, மழை விட்டு தூறிக்கொண்டிருந்தது. கேட் திறந்தது. நான் வந்தேன், அவள் ஓடி வந்து உட்காரப் போனாள். அந்த நேரம் பார்த்து எஞ்சின் திணறியது. அணைந்துவிடப் போகிறதே என்று ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினேன். வண்டி துள்ளிப் பாய்ந்தது. பின்பக்கம் லேசானது.

ஹேண்டில்பாரில் இருந்த வட்டக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஈரத் தார்ச் சாலையில் ஒரு கையை ஊன்றிக் கிடந்தாள். டிபன் டப்பா திறந்து சோறு சிதறியிருந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வண்டி அணைந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன். ஜி.எஸ்.டி. சாலை முனை வரை போய், அகலமான இடம் பார்த்து அரைவட்டம் அடித்து, எஞ்சின் அணையாமல் திரும்பி வந்தேன். வந்த பிறகும் இறங்காமல் முறுக்கிக்கொண்டே, "அடி பட்டுச்சா?" என்று கத்தினேன்.

கேட்காரர்தான் அவளைத் தூக்கி நிறுத்தியிருந்தார். "வண்டி நின்னு பூட்ச்சின்னா பூட்டும் சார். கீழ எறங்கு மொதல்ல" என்றார்.

கையை எடுத்தேன். எஞ்சின் அணைந்தது. அவள் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வேறு அடி இல்லை. அவள் சிதறிய சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் விழுந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலை. நீ உட்கார்ந்துட்டேன்னு நினைச்சேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்."

அவள் ஒரு நிமிஷம் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். "சரி" என்றாள். ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறினாள். மறுநாள் காலையிலும் கொஞ்சம் முன்னதாகவே புறப்பட்டு, "நான் ரயில்லயே போயிக்கிறேங்க. காலாற நடந்த மாதிரியும் இருக்கும்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலுக்குப் போகவில்லை. வண்டியை முற்றத்தில் நிறுத்தி, ஒரு கையால் ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கிப் பிடித்து ஓடவிட்டு, அவள் கால் வைக்கும் இடத்தருகே குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்தேன். உஸ்ஸென்றது. எண்ணெய்க் குப்பியை எடுத்து, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் நாலு சொட்டு விட்டேன். சத்தம் நின்றது. எஞ்சின் சட்டென்று சீராக ஓடியது. எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மறுபடி திணறியது.

கார்புரேட்டரைக் கழற்றி, எஞ்சினோடு ஒட்டும் அதன் முகப்பின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நான் முடுக்கிய முடுக்கில் இரண்டு ஓரமும் வளைந்து, இடையில் காற்று புகுந்துகொண்டிருந்தது. வேகமாகப் போகும்போது எஞ்சின் குடிக்கும் காற்றில் அந்தக் கசிவு ஒரு பொருட்டில்லை. மெதுவாகப் போகும்போது அதுவே பெரிது, பெட்ரோல் போதாமல் போகும். பிள்ளைகளுக்கு நானே பாடமாக நடத்தக்கூடிய விஷயம். ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, முகப்பைச் சமமாகும் வரை தேய்த்தேன். இடையில் புதிய பேக்கிங் அட்டை வெட்டி வைத்து, நட்டுகளை அளவாக முடுக்கினேன்.

அவள் கோவிலிலிருந்து வரும்போது வண்டி தானாக, யாரும் தொடாமல், டுக் டுக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நீ சொன்ன சத்தம்தான்" என்றேன். "அங்கேதான் கோளாறு."

"அப்படியா? நல்லதுங்க" என்றாள். நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சேலை மாற்ற உள்ளே போனாள்.

நாளைக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். மறுநாளும் அவள் நடந்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் இருந்தவரைக்கும் எனக்குச் சொல்ல எத்தனையோ மாலைகள் இருந்தன. சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: பார்த்தேன், தெரிந்தேதான் போனேன்.

காலையில் கேட் அவளுடைய ரயிலுக்காகவே சாத்துவார்கள். நான் வண்டியோடு நின்றுகொண்டிருப்பேன். பெண்கள் பெட்டி கடக்கும்போது ஜன்னலோரம் இருந்தால் சில நாள் கையைத் தூக்கிக் காட்டுவாள். நான் ஆக்சிலேட்டரிலிருந்து வலது கையை முழுசாக எடுத்து, அவளுக்குத் தெரியும்படி உயரத் தூக்கிக் காட்டுவேன். ரயிலின் கடைசிப் பெட்டி போன பிறகும் வண்டி அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும்.