வெள்ளி ஒட்டாத இடம்

“உள்ள காத்தே இல்லேங்குற. அப்புறம் எங்கிட்டிருந்து மூச்சு வரும்?”

“வந்துச்சுல்லண்ணே. நீங்களும் பக்கத்துலதான நின்னீக?”

“நின்னேன். அதுக்காக நானும் பாத்தேன்னு வெளிய சொல்லிராத தாயி. ஏற்கெனவே எம்பொண்டாட்டி என்னைய அரைக்கிறுக்குங்குறா.”

“பாத்தீகளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் வாசலைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“பாத்தேன்.”

2007 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை காலை. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம். ‘பாத்தீகளா’ என்று கேட்டவள் ஜெசி, எம்.ஃபில். மாணவி. பதில் சொன்னவர் அங்கே உதவியாளராக இருக்கும் சுந்தரலிங்கம். முந்தைய நாள் மாலை அந்த அறையில் இருந்தது இந்த இரண்டு பேர் மட்டும்தான். இரண்டு பேருக்கும் கதை கட்டத் தெரியாது. சுந்தரலிங்கத்துக்குப் பேய் என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்புத்தான் வரும். அதாவது, அந்தப் புதன்கிழமை வரைக்கும். கூட்டாமல் குறைக்காமல், நடந்தது இதுதான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் பெனடிக்ட் என்ற இளம் விரிவுரையாளன் ஒரு கருவி கட்டியிருந்தான். இரண்டு பழைய பம்புகள், மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிய குழாய்கள், நடுவில் குடத்தைக் கவிழ்த்தது போல ஒரு கனமான கண்ணாடிக் குடுவை. பம்புகள் குடுவைக்குள் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும். பிறகு உள்ளே இருக்கும் சின்னத் தொட்டியில் ஒரு துளி வெள்ளியை மின்சாரத்தால் காய்ச்சினால் அது ஆவியாகிப் பறந்து, எதிரே வைத்திருக்கும் கண்ணாடிச் சில்லில் படலமாகப் படியும். ஒரு தலைமுடியை ஆயிரமாகச் சீவினால் எவ்வளவு கனமோ, அவ்வளவுதான் இருக்கும் அந்தப் படலம்.

படலம் போடுவதை உலகத்தில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். பெனடிக்டின் கண்டுபிடிப்பு வேறு. டி.என்.ஏ. நூலைச் சில்லின் மேல் நேராக நீட்டிப் படுக்கவைத்து, அதன் மேல் வெள்ளியை ஏற்றுவது. நூல் அச்சு, வெள்ளி வார்ப்பு. கண்ணுக்கே தெரியாத கம்பி கிடைக்கும். டி.என்.ஏ. கேட்டு வெளியூருக்கு எழுதினால் வந்து சேர ஆறு மாதம் ஆகும் என்பதால், அவன் தன் வாயையே உப்புத் தண்ணீரால் கொப்பளித்து, சோப்பும் குளிர்ந்த ஸ்பிரிட்டும் சேர்த்து, வெள்ளை நூலாக மிதந்து வந்ததை எடுத்துக்கொண்டான்.

“போயும் போயும் ஒங்க எச்சியவா கண்டுபிடிப்புன்னு காட்டப்போறீக?” என்று சிரித்தாள் ஜெசி.

“எச்சி இல்ல ஜெசி, நானு. முழுசா நானு. இந்தச் சில்லுல படுத்திருக்கேன் பாரு.”

ஜெசிக்குக் குளிர் நாட்டு நாவல்கள் மேல் பைத்தியம். மொழிபெயர்த்து வந்தது எதுவானாலும் நூலகத்திலிருந்து தூக்கி வந்துவிடுவாள். அதில் வருகிறவர்கள் ரயில் ஜன்னலில் மூச்சு விட்டு, படிந்த ஆவியில் விரலால் பெயர் எழுதிவிட்டுப் பிரிந்துபோவார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் யாருடைய மூச்சு எந்த ஜன்னலில் படியும்? அதை ஒருநாள் பெனடிக்டிடம் சொன்னாள். அவன் ஒரு சில்லை ஸ்பிரிட்டில் கழுவி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“ஊது.”

ஊதினாள். சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் சீராகப் பரவியது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கி, மறைந்தது.

“கை பட்டிருந்தா அந்த எடம் மட்டும் தனியாத் தெரியும். சுத்தமா இருக்கான்னு நாங்க ஊதித்தான் பாக்குறது” என்றான்.

அன்றைக்குத்தான் அவள் மனம் அவனிடம் போனது. ராயப்பன்பட்டி மாதா கோயிலில், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்கும் கல்யாண ஓலையும் அவர்களுக்கு இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. அதற்குப் பிறகு கல்யாணம்.

திங்கட்கிழமை காலை பெனடிக்ட் பைக்கில் குமுளிக்குப் புறப்பட்டான். பம்புக்கு ஊற்றும் எண்ணெயைக் கோட்டயத்திலிருந்து ஒருவர் அங்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

“சாயங்காலம் வந்துருவேன். புதன்கிழமைக்குள்ள வெள்ளி ஏத்திரணும், இல்லேன்னா நூலு காஞ்சு உதிந்துரும். நான் வரலேன்னா இருக்குற எண்ணெயிலயே நீ போட்டுரு.”

“வரலேன்னான்னா?”

“அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மலைப்பாதையில் தேடப் போனவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். குமுளியில் கோட்டயம் பஸ்ஸில் அவனைப் போல ஒருத்தன் ஏறினதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். ஊருக்கு அவ்வளவு போதும். பைக் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

“ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது ஓலைக்கு மாப்பிள்ளைய கோட்டயத்துல போயா தேடுறது?” என்றாள் ஜெசியின் சித்தி சுகிர்தம், நாலு பேர் காதில் விழும்படி.

பெனடிக்டின் அம்மா மதலேனாள் மட்டும், “எம்மகன் ஓடமாட்டான். அவனுக்கு என்னமோ ஆகிப்போச்சு” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெசிக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. ஓடிப்போயிருந்தால் உயிரோடு இருக்கிறான். ஓடவில்லை என்றால்... ஓடிப்போயிருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதை நினைத்து அழுதாள்.

புதன்கிழமை வந்தது. அவன் சொன்ன கெடு. எங்கிருந்தாவது திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது, ஒரு வார்த்தை திட்டுவதற்கு முன்னால், முடித்த வேலையைக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள். சில்லை உள்ளே வைத்தாள். குடுவையைக் கவிழ்த்தாள். மாலை நாலே காலுக்குப் பம்பைப் போட்டாள்.

டக... டக... டக... டக...

வெளியே மலைக் கணவாயிலிருந்து இறங்கும் ஆடிக்காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் மீட்டரின் முள் மெல்ல இறங்கி வந்தது. ஒரு கோட்டில் நின்றது. சற்றே ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது.

“எங்கிட்டோ லீக்கு தாயி” என்றார் சுந்தரலிங்கம்.

“லீக்குன்னா ஏறிக்கிட்டேல்ல இருக்கும்? இது ஏறி ஏறி எறங்குதே.”

அவர் குடுவையின் அடிவளையத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு முள் தானாகவே சரியாகிவிட்டது. உள்ளே காற்று என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

ஐந்தே முக்கால் இருக்கும். மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து குடுவை மேல் விழுந்தது. அப்போதுதான் ஜெசி அதைப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு மூட்டம். எட்டணாக் காசு அளவு.

சுந்தரலிங்கம் துணியால் துடைத்தார். போகவில்லை.

“உள்பக்கம் இருக்கு” என்றார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கியது. மறைந்தது.

ஜெசி அதை முன்பே பார்த்திருக்கிறாள்.

மறுபடியும் வந்தது. அதே இடம். மறைந்தது. வந்தது...

“ஈரம் எங்கயாச்சும் தங்கியிருக்கும்ணே. வெள்ளிய ஏத்திட்டா சரியாப்போகும்.” அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

சுவிட்சைப் போட்டாள். தொட்டி சிவந்தது. வெளுத்தது. உள்ளே வெள்ளித் துளி உருகி நடுங்கியது. கண் சிமிட்டும் நேரம்... குடுவை முழுவதும் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகிவிட்டது. ஜெசியின் முகம் அதில் தெரிந்தது. பக்கத்தில் சுந்தரலிங்கத்தின் முகம்.

இரண்டு முகங்களுக்கும் நடுவே ஓர் இடத்தில் மட்டும் வெள்ளி ஒட்டவில்லை.

ஒரு வாய் அகலம்.

அந்த இடம் மூட்டமானது. தெளிந்தது. மூட்டமானது...

ஜெசி தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அது நிற்கவில்லை.

ஆனால் இடைவெளி கூடியது. மூட்டம்... வெகுநேரம் ஒன்றுமில்லை... மூட்டம்...

“காத்து விடுங்கண்ணே!”

“பம்புல எண்ணெய் கொதிச்சுக் கெடக்கு தாயி, இப்பப் போயி காத்து விட்டா எல்லாம் கருகி—”

அவரைத் தள்ளிவிட்டு வால்வை அவளே திருகினாள்.

காற்று உள்ளே புகும்போது எப்போதும் ‘உஸ்ஸ்’ என்று ஒரே சீராகச் சத்தம் வரும்.

அன்றைக்கு அப்படி வரவில்லை.

ஹ்ஹா...

ஹ்ஹா...

தண்ணீருக்குள் முங்கினவன் மேலே வந்து இழுப்பது போல.

ஹ்ஹா......

அப்புறம் இல்லை.

மணி ஆறு பத்து.

எண்ணெய் கருகும் நாற்றம் அறையில் நிறைந்தது. வெள்ளி ஒட்டாத இடம் தெளிவாகவே இருந்தது. ஜெசி அதன் அருகே முகத்தை வைத்துக் காத்திருந்தாள். இருட்டும்வரை காத்திருந்தாள். மூட்டம் வரவில்லை. கடைசியில் சுந்தரலிங்கம்தான் குடுவையைத் தூக்கினார். அடித்தட்டு, கம்பிகள், திருகுகள், எல்லாவற்றிலும் வெள்ளி படிந்திருந்தது. பெனடிக்டின் சில்லில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளி இல்லை. நூலும் இல்லை. கழுவி வைத்தது போல வெறுமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, லோயர் கேம்ப்புக்கு மேலே குமுளி மலைப்பாதையில் விறகு பொறுக்கப் போன பெண்கள் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே பைக்கைப் பார்த்தார்கள். அதற்கும் கீழே, புதருக்குள், பாறைகளுக்கு நடுவே அவன் கிடந்தான். கோட்டயம் பஸ்ஸில் ஏறினது யாரோ.

சனிக்கிழமை பகல். அரசு மருத்துவமனையின் பின்கட்டு. பரிசோதனையை முடித்துவிட்டு வந்த டாக்டரம்மா, யார் உறவு என்று கேட்டார்.

“கட்டிக்கப்போறவ” என்றாள் ஜெசி.

டாக்டரம்மா அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“விழுந்தது திங்கக்கிழமைதாம்மா. ஆனா அன்னிக்கு உயிர் போகல. ரெண்டு காலும் பாறைக்கு அடியில மாட்டியிருக்கு. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்காரு.”

“புதன்கிழமை சாயங்காலமா?” என்றாள் ஜெசி.

“இன்னொண்ணு கேக்கணும். அவரு முலாம் பூசுற வேலை ஏதும் பாத்தாரா?”

“எதுக்குக் கேக்குறீக?”

“உதட்டுக்கு உள்பக்கம், நாக்கு, மூச்சுக்குழாய் நெடுக... வெள்ளி படிஞ்சிருக்கு. ஒரே சீரா, கண்ணாடி மாதிரி. தொடைச்சா வரல. நான் எத்தனையோ பாத்துட்டேம்மா. இது எப்படின்னு எனக்குத் தெரியல. ரிப்போர்ட்டுல என்னன்னு எழுதுறதுன்னும் தெரியல.”

ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், மதலேனாள் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

“விழுந்த ஒடனே போயிருப்பான். எம்புள்ள வலி தாங்கமாட்டான். சின்னதுல ஒரு முள்ளு குத்துனாக்கூட ஊரக் கூட்டிருவான். ஒடனே போயிருப்பான்... அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது...”

யாரோ அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினார்கள். செருப்புச் சத்தம் வராண்டாவில் ஏறியது. நெருங்கி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஜெசி டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அவுக அம்மா வர்றாக. எப்பப் போனான்னு கேப்பாக. திங்கக்கிழமைன்னு சொல்லுங்க டாக்டரம்மா... விழுந்த ஒடனேன்னு சொல்லுங்க... அத மட்டும் அப்படிச் சொல்லிருங்க...”