மருமகனின் பெயருக்கு மேலே வேறொரு முகம்

எங்கள் வீடுகளில் சுவரில் ஆட்களின் படம் மாட்டுவதில்லை. சுனாமியில் கடல் வந்த அன்று சின்ன வயதில் மௌத்தான, இறந்துபோன மகனை என் அக்கா, ராத்தா, பார்ப்பதென்றால் கைபேசியில்தான். ஊரில் கடலோடு போனவர்களுக்காக நான் செய்த இணையத்தளத்தில் அவன் படம் இருந்தது. விடியலில் சுபஹு தொழுதுவிட்டு அதைத் திறப்பார்.

எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஓ.எல். பரீட்சை வரைதான் படிப்பு. போட்டோக் கொப்பிக் கடையில் இருந்தபடி இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். ஊர் விளையாட்டுக் கழகத்தின் தளமும் நான் செய்ததே. நினைவுத் தளத்துக்குத் தனி முகவரி இல்லாமல் போனபோது, கழகத் தளத்துக்குள் ஒரு கோப்புறை திறந்து அதை அப்படியே அதற்குள் ஏற்றினேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ராத்தா அழைத்தார்.

"தம்பி, என்ட மகன்ட பேருக்கு மேல ஆருடா ஒரு பெரிய ஆம்பிள நிக்கிறான்?"

"வேற பக்கத்தத் திறந்திருப்பீங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாதா? பேரு அவன்ட பேருதான். முகத்தில தாடி இரிக்கி."

கணினியில் பார்த்தேன். மௌத்தானவர்களின் பெயர்களுக்கு மேலே கழகத்துப் பந்தாட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் முந்தின நாள்தான் என்னிடம் அடையாள அட்டைக்குக் கொப்பி எடுத்துப் போனவன். அவன் முகத்தின் கீழே ஒரு சின்னப் பிள்ளையின் பெயர்.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். தளம் எங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்லும் வரியில் வெறும் சாய்கோடு; முகவரியின் தலைவாசலிலேயே தேடு என்று பொருள். தனி முகவரியில் அது சரி. இப்போதோ கோப்புறையைத் தாண்டி வெளியே போய், கழகத்தின் படங்களை எடுத்து வந்தது. இரண்டு தளத்திலும் படங்களுக்கு ஒரேபோல ஒன்று, இரண்டு என்றே பெயர் வைத்திருந்தேன். கோப்புறையின் பெயரை அந்த வரியில் சேர்த்தேன். முகங்கள் அசையவில்லை. தளத்தைத் திரும்ப உருவாக்கி ஏற்றிய பிறகுதான், சிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

ராத்தாவை அழைத்தேன். "இப்ப பாருங்க."

"ஓம்... வந்திட்டான்." பிறகு கேட்டார்: "மத்தவன் ஆரு?"

"கழகத்துப் பொடியன். உசிரோட இரிக்கான்."

"அல்லாஹ் ஆயுசக் குடுக்கட்டும். இவனும் இருந்தா அந்த அளவுதான் வந்திருப்பான், என்ன?"

திரையில் மருமகனின் படத்தைத் திறந்தேன்.

"அந்தப் படத்தையே வெச்சிருக்க ஏலாதா, தம்பி?"

ஏலும். ஒரு வரியை மாற்றினால் போதும்.

"ஏலாது ராத்தா" என்றேன்.