கட்டையைக் குறைத்துப் பாடிய எங்கள் அக்கா

டொக், டொக். மைக்கை விரலால் தட்டுகிறார்கள். ஓர் ஊதல். பிறகு "ஹலோ... செக்". கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எந்தத் திறப்பு விழாவானாலும் இந்தச் சத்தம் கேட்டால் என் கால்கள் நின்றுவிடுகின்றன. அடுத்து அக்காவின் கனைப்பு வரவேண்டும். ஓராண்டாக வரவில்லை. ஆனாலும் நான் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். அக்காவை நினைத்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்து இடம் பிடித்துவிடுகிறது.

அக்கா பிறந்தது கச்சிராயபாளையத்தில். அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டியவர். பள்ளி ஆண்டு விழாவில் பாடத் தொடங்கிய அக்கா, பத்தொன்பது வயதில் கள்ளக்குறிச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தார். "மேடையேறற பொண்ண எவன் கட்டுவான்?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. கட்டியவர் அதே குழுவில் தபேலா வாசித்த எங்கள் மாமா.

"நான் கட்டலன்னா இவ தாளம் தப்பிப் போயிருப்பா" என்பார் மாமா.

"தப்புனதே உங்களாலதாங்க" என்பார் அக்கா.

மாரியம்மன் திருவிழா, மாதா கோயில் தேர், காதணி விழா என்று முப்பது ஆண்டுகள் பாடினார். இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று கேட்பவர்களிடம் அக்கா சொன்ன முதல் பதில், "தையல் மிஷின விக்காதீங்க." ஜாக்கெட் தைத்துக்கொண்டே இருந்ததால்தான் பிடிக்காத மேடையை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. எந்தப் பாட்டையும் சொந்தக் கையால் நோட்டில் எழுதாமல் பாடமாட்டார். மேளக்காரர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். இன்னொரு பாடகியைப் பற்றி யாராவது குறை சொன்னால் உடனே பசிக்கிறது என்று எழுந்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் எட்டு மாதம் பாட்டில்லை. முதல் சில வாரங்கள் பேச்சும் இல்லை. சீட்டில் எழுதிக் காட்டுவார். "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்று எழுதிய சீட்டை மாமா இன்றும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஆனால் அந்த நாட்களில் அக்கா நோட்டைத் திறக்கவில்லை. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். அக்காவுடையது ஐந்தரைக் கட்டை, குழுவுக்கே அதுதான் பெருமை. இப்போது நாலுக்கே மூச்சு வாங்கியது. "கொறச்சிப் பாடறதுக்குப் பாடாமலே இருக்கலாம்டா" என்றார் என்னிடம். அக்கா பொய்யாகச் சொன்ன ஒரே பேச்சு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கீபோர்டு வாசிக்கும் சேகர் அண்ணன்தான் விடாமல் கல்வராயன் மலைக்கு வேனில் ஏற்றினார். மாலை நேரக் கோயில் விழா. நானும் போயிருந்தேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்த அக்கா, "கரியாலூர்ப் பெருமக்களே, வணக்கம்!" என்றார். முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். "இது கரியாலூரு இல்லம்மா!"

அக்கா பதறிப்போய்ச் சேகர் அண்ணன் பக்கம் திரும்பினார். மைக் வாயருகேயே இருந்தது.

"அண்ணே, இன்னா ஊரு இது?"

"இன்னாடு."

"அதாண்ணே கேக்கறேன், இன்னா ஊரு?"

"இன்னாடும்மா!"

"இன்னாடும்மாவா? ஊரு பேரச் சொல்லுண்ணேன்னா!"

ஊர் முழுக்கச் சிரித்தது. பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சேகர் அண்ணன் கீபோர்டு மேலேயே கவிழ்ந்துவிட்டார். இன்னாடு என்பதே ஊரின் பெயர் என்று புரிந்ததும் அக்காவும் சிரித்தார், எட்டு மாதச் சிரிப்பையும் சேர்த்து. சிரித்து ஓய்ந்தபோது மைக் ஒரே கையில் இருந்தது. மைக்கிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மானம்தான் போயிடுச்சே, இன்னும் இன்னா? ரெண்டு கட்ட கொறண்ணே, பாடறேன்."

மூன்றரைக் கட்டையில் அந்தக் குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மேகம் மலையிலிருந்து இறங்கி வயலில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. உயரத்தில் இருந்தவரை தெரியாத ஈரம், கிட்டத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் பாடினார். ஒவ்வோர் ஆண்டும் இன்னாட்டுக்காரர்கள் அழைத்தார்கள். வேன் நின்றதும், "இன்னா ஊருன்னு தெரியுமாக்கா?" என்றுதான் வரவேற்பார்கள்.

இறுதி நாட்களில் அக்காவைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், தினம் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டார், காசைப் பற்றிப் பேசவே விடாத குழுவினர், செய்தி கேட்டு மலையிறங்கி வந்த இன்னாட்டுச் சொந்தங்கள் எல்லோருக்கும் மாமாவும் நானும் கைகூப்புகிறோம்.

அக்கா போனதற்கு முந்தின நாள் மாலை, சின்னசேலத்தில் ரயிலைப் பிடிக்க நான் கிளம்பினேன். அக்காவின் மடியில் நோட்டு. புதிதாக வந்த ஒரு பாட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

"இப்பப் போய் எதுக்குக்கா புதுப் பாட்டு?"

"பழசுதான் தெரியுமேடா."

வாசல்வரை போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம வாடா. ரெண்டாவது சரணம் இன்னும் சரியா வரல. வந்ததும் பாடிக் காட்டறேன்."